எல்லா வசதியும் இருந்தும் அம்மா ஏன் தனித்துப்போகிறார்?

பெங்களூருவில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பணிபுரியும் ஒருவர், சேலம் அம்மாப்பேட்டையில் தனியாக வசிக்கும் தம் தாயாரைப் பற்றிக் கேட்டிருக்கிறார். தாயாருக்கு வயது 67. முன்பு வீட்டிலேயே தறி ஓடிய குடும்பம். தந்தை மறைந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஒரே தங்கை வெளிநாட்டில் இருக்கிறார். மளிகையும் காய்கறியும் செயலி வழியாக வீட்டுக்கே வந்துவிடுகின்றன. மின் கட்டணம், எரிவாயு, மருந்து எல்லாவற்றையும் மகனே இணையத்தில் முடித்துக் கொடுக்கிறார். வாசலிலும் கூடத்திலும் கேமரா இருக்கிறது. காலையும் இரவும் தவறாமல் பேசுகிறார். அப்படி இருந்தும் தாயார், "பேச ஆளே இல்லாம கெடக்கறேன்" என்கிறார். இது நோயா, இக்கால வாழ்க்கை முறையின் விளைவா, தாயாரைப் பெங்களூருவுக்கு அழைத்துக்கொள்வதா, வேலையை விட்டுவிட்டுச் சேலத்துக்கே திரும்பிவிடுவதா என்பன அவருடைய கேள்விகள். பத்து மாடிக் குடியிருப்பில் மனைவியோடு வசிக்கும் தமக்கும் ஏறத்தாழ அதே நிலைதான் என்று கடைசியில் ஒரு வரியும் சேர்த்திருக்கிறார்.

சேலத்தில் மனநலத் துறையில் சமூகப் பணியாளராக நெடுங்காலம் இருந்தவள் என்ற முறையில், என் மனத்தில் பட்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் அன்போடு செய்துகொடுத்த வசதிகள் ஒவ்வொன்றும் தாயாரின் நாளிலிருந்து ஒரு மனிதரை எடுத்துவிட்டன. மளிகை வீட்டுக்கு வந்ததும் மளிகைக்கடைக்காரர் போனார். காய் வந்ததும் தெருவில் கூவி வரும் காய்க்காரம்மா அந்த வாசலில் நிற்பது நின்றது. மின் கட்டணத்தை நீங்களே கட்டியதால் மின்வாரிய அலுவலக வரிசையில் பழைய பள்ளித் தோழியைப் பார்க்கும் வாய்ப்பு போனது. இவர்களில் ஒருவர்கூட உறவினர் அல்லர். இழந்ததாக எண்ணும் அளவுக்கு நெருங்கியவரும் அல்லர். ஆனால் இவர்கள் அனைவரும் சேர்ந்துதான் அவருடைய நாள். இதை உங்கள் குற்றமாகச் சொல்லவில்லை. தொலைவில் இருக்கும் பிள்ளைக்குக் கைக்கு எட்டுவது இவ்வளவுதான், அதைக் குறைவில்லாமல் செய்திருக்கிறீர்கள். ஆனால் தீர்வு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை இந்த இடத்திலிருந்துதான் பார்க்கத் தொடங்க வேண்டும்.

தனிமை உணர்வு ஒரு நோயன்று. அமெரிக்காவில் இதை நெடுங்காலம் ஆராய்ந்த உளவியலாளர் ஜான் கசியோப்போ, பசியும் தாகமும் உடலுக்கு எப்படியோ அப்படித்தான் தனிமை உணர்வு மனத்துக்கு என்றார். கூட்டமாக வாழ்ந்து பிழைத்த உயிரினம் கூட்டத்தை விட்டு விலகும்போது உள்ளே எழும் எச்சரிக்கை அது. பசித்தவர் உணவைத் தேடுவது போலத் தனித்திருப்பவர் மனிதரைத் தேட வேண்டும். தொடக்கத்தில் தேடவும் செய்கிறார். சிக்கல் என்னவென்றால், அந்த உணர்வு மாதக்கணக்கில் நீடித்துவிட்டால் அதன் போக்கு தலைகீழாகிறது. மனம் எப்போதும் காவலில் இருக்கிறது. அடுத்த வீட்டார் ஏதோ யோசனையில் தலையசைக்காமல் போனால் அது அலட்சியமாகப் படுகிறது. அழைப்பிதழ் ஒரு நாள் தாமதமாக வந்தால் வேண்டுமென்றே செய்ததாகத் தோன்றுகிறது. தூக்கம்கூட இடையிடையே அறுபடுகிறது. இந்த நிலைக்கு வந்தவரிடம் "வெளியே போய்விட்டு வாருங்களேன்" என்று சொன்னால் "எனக்கு ஒண்ணும் வேணாம், விடு" என்றுதான் பதில் வரும். பிள்ளைகள் பலர் இந்த மறுப்பை விருப்பமின்மை என்று எடுத்துக்கொண்டு பேச்சை அத்தோடு விட்டுவிடுகிறார்கள். அது விருப்பமின்மையன்று, அடிபட்ட இடத்தைக் காத்துக்கொள்ளும் இயல்பு. தாயாரிடம் இதே சொற்களை நீங்களும் கேட்டிருக்கக்கூடும்.

ராபர்ட் வைஸ் என்ற சமூகவியலாளர் 1973இலேயே இன்னொரு வேறுபாட்டைக் காட்டினார். உயிருக்கு நெருக்கமான ஒருவர் இல்லாமல் போவதால் வரும் தனிமை ஒன்று; தன்னை அறிந்த, தான் அறிந்த ஒரு வட்டம் இல்லாமல் போவதால் வரும் தனிமை மற்றொன்று. ஒன்றின் பற்றாக்குறையை மற்றொன்றால் ஈடுகட்ட முடியாது. உங்கள் தந்தை இருந்த இடம் முதல் வகையைச் சேர்ந்தது. அதை நீங்களோ நானோ நிரப்ப முடியாது. நிரப்ப முயலவும் வேண்டாம், அதைப் பற்றிப் பேச இடம் கொடுத்தால் போதும். இரண்டாவது வகைக்குத்தான் வழி இருக்கிறது. தந்தை இருந்த காலத்தில் வட்டம் சுருங்கியது உறைக்கவில்லை. அவர் போன பிறகு இரண்டும் ஒன்றாகத் தெரிகின்றன.

இது வெறும் மனக்குறை என்று தள்ளிவிடக் கூடியதும் அல்ல. 2010இல் ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாட் குழுவினர் 148 ஆய்வுகளை, மொத்தம் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, உறவும் பழக்கமும் வலுவாக உள்ளவர்கள் ஆய்வுக் காலம் முடியும்வரை உயிருடன் இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 விழுக்காடு கூடுதலாக இருந்தது. அப்போது அமெரிக்க அரசின் தலைமை மருத்துவராக (சர்ஜன் ஜெனரல்) இருந்த விவேக் மூர்த்தி 2023 மே மாதம் இதைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டார். உலக சுகாதார நிறுவனத்தின் ஆணையம் 2025 ஜூனில் தந்த அறிக்கை, உலகில் ஆறில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்படுகிறார் என்றும், ஆண்டுக்கு ஏறத்தாழ 8,71,000 இறப்புகளோடு அதற்குத் தொடர்பு இருக்கிறது என்றும் கணக்கிட்டது. பிரிட்டன் 2018இலும் ஜப்பான் 2021இலும் இதற்கென்றே அமைச்சரை நியமித்தன. ஜப்பானில் 2024ஆம் ஆண்டில் மட்டும் வீட்டில் தனியாக இருந்தபடி இறந்தவர்கள் 76,020 பேர் என்று அந்நாட்டுக் காவல் துறை கணக்குக் கொடுத்தது. அவர்களில் நான்கில் மூன்று பங்கினர் 65 வயதைக் கடந்தவர்கள். நாம் அந்த நிலைக்கு இன்னும் வரவில்லை. ஆனால் அதற்கான படிகளில் சிலவற்றை ஏறிவிட்டோம்.

அந்தப் படிகள் எவை என்பதற்கு அம்மாப்பேட்டையே நல்ல சான்று. வீட்டுக்கு வீடு கைத்தறி இருந்த காலத்தில், தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலைத் தெருவில்தான் நீட்டிக் கட்டுவார்கள். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டிய வேலை அது. பாவு தெருவின் பாதி நீளத்துக்கு ஓடும். ஒருவர் கஞ்சி தோய்ப்பார், இருவர் இருபுறமும் நடந்து நூலை நீவி ஆற்றுவார்கள், கண் தெளிவாக உள்ள யாராவது அறுந்த இழைகளைத் தேடிப் பிணைப்பார்கள். ஒரு குடும்பத்தின் கைகள் இதற்குப் போதா. பக்கத்து வீட்டார் வந்தே ஆக வேண்டும்; நாளை அவர்கள் வீட்டுப் பாவுக்கு நாம் போயாக வேண்டும். முந்தைய நாள் சண்டை போட்டவர்கள்கூட முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு எதிரெதிரே நின்று இழை பிணைத்திருக்கிறார்கள்; பாவு முடிவதற்குள் ஏதோ ஒரு பேச்சு வந்திருக்கும். யாரும் தனிமையைப் போக்கிக்கொள்வதற்காக அங்கே வரவில்லை. வேலைக்காக வந்தார்கள், கூடவே துணையும் கிடைத்தது. கஞ்சி போட்டு உருளையில் சுற்றிய பாவு ஆலையிலிருந்து ஆயத்தமாக வரத் தொடங்கியதும் அந்த விடியற்காலை தேவையற்றதாகிவிட்டது. பிறகு விசைத்தறி வந்தது. விசைத்தறிக் கூடத்தில் ஒருவருக்கொருவர் கைக்கெட்டும் தொலைவில்தான் நிற்கிறார்கள், ஆனால் அந்த இரைச்சலில் காதருகே வாய் வைத்துக் கத்தினால்தான் ஒரு சொல் கேட்கும்.

தண்ணீரும் அப்படித்தான். சேலத்தின் தண்ணீர்ப் பஞ்சம் தெரிந்ததே. குழாயில் தண்ணீர் வரும் நாளில் குடங்களை வரிசையாக வைத்துவிட்டுப் பெண்கள் தெருவில் காத்திருந்த நேரம், அவர்களுக்கு உழைப்பும் எரிச்சலும் மட்டுமன்று, நியாயமாக வீட்டுக்கு வெளியே இருக்கக் கிடைத்த நேரமும் ஆகும். வீட்டுக்கு வீடு இணைப்பும் மோட்டாரும் வந்தது பெரிய விடுதலை, அதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. குடம் சுமந்து இடுப்பு போன பெண்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தக் காத்திருப்பு எடுத்துக்கொண்ட இன்னொரு வேலையை வேறு எதுவும் ஏற்றுக்கொள்ளவில்லை. திண்ணை போய்க் கம்பிக் கதவு வந்ததையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதனால் பழைய காலமே நல்ல காலம் என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. அந்த நெருக்கம் எல்லாரையும் சமமாக அணைத்துக்கொண்டதில்லை. எந்தத் தெருவில் யார் நிற்கலாம் என்பதைச் சாதி வகுத்துவைத்திருந்தது. பன்னிரண்டு பேர் உண்ணும் கூட்டுக் குடும்பத்தில், தன் மனத்தில் உள்ளதை ஒருவரிடமும் சொல்ல முடியாமல் அடுப்படியிலேயே காலம் கழித்த மருமகள்கள் எத்தனையோ பேர். அவர்கள் அனுபவித்ததும் தனிமைதான்.

உங்கள் தாயாரின் நிலையில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள், குறிப்பாக ஆண் பிள்ளைகள், இதைக் கவனிப்பதில்லை. அவர் கணவரை இழந்தவர். தெருவில் ஒரு வளைகாப்பு நடந்தால் அவருக்கு அழைப்பு வரும், சாப்பாட்டுக்கும் உபசரிப்பார்கள். ஆனால் வளையல் அடுக்கவோ நலங்கு வைக்கவோ கூப்பிடமாட்டார்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு அதே வீட்டுப் பெண்ணின் திருமணத்துக்கு மஞ்சள் இடித்தவர் அவராகவே இருந்திருக்கலாம். இப்போது மண்டபத்தில் பின்வரிசை நாற்காலி. வெளிப்படையாக யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள், அவரும் கேட்கமாட்டார். அடுத்த அழைப்பு வரும்போது "முழங்கால் வலிக்குது, நீங்க போயிட்டு வாங்க" என்பார். இது செல்பேசியாலோ அடுக்குமாடியாலோ வந்த தனிமையன்று. நம் வழக்கம் தன் கையால் செய்த தனிமை, மாற்ற வேண்டியவர்களும் நாமே. உங்கள் வீட்டில் அடுத்து ஒரு விசேஷம் வரும்போது முதல் நலங்கைத் தாயார் கையால் வைக்கச் செய்யுங்கள். உறவினர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. ஒரு வீட்டில் நடந்தால் அடுத்த வீட்டில் கேட்கும் துணிவு வரும், நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இக்கால வாழ்க்கை முறையின் விளைவா என்ற கேள்விக்கு வருகிறேன். ஓரளவு ஆம், ஆனால் மக்கள் நினைக்கும் காரணத்தால் அன்று. பிள்ளைகளின் பாசம் குறைந்துவிட்டது என்று மேடைகளில் பேசுகிறார்கள். எனக்கு அது ஏற்புடையதாக இல்லை. கணக்குதான் மாறியிருக்கிறது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 2019-21இல் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை 1.8. ஓரிரு பிள்ளைகளோடு நிறுத்திக்கொண்ட முதல் தலைமுறைதான் இன்று அறுபதையும் எழுபதையும் தொட்டிருக்கிறது. ஐந்து பிள்ளைகளில் மூவர் வெளியூர் போனால் இருவர் ஊரில் இருந்தார்கள். இருவரில் இருவரும் போனால் வீடு பூட்டிக்கிடக்கிறது அல்லது ஒருவர் தனியாகக் கிடக்கிறார். 2021ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டில் தமிழக மக்களில் 60 வயதைக் கடந்தவர்கள் 13.6 விழுக்காடு, நாட்டின் சராசரியோ 10.1 விழுக்காடுதான். நாம் பெரும்பாலான மாநிலங்களைவிட முன்னதாக முதுமை அடைகிறோம். அதற்கேற்ப நம் தெருக்களும் மண்டபங்களும் பேருந்து நிறுத்தங்களும் மாறவில்லை. உட்கார ஒரு பலகை, போக ஒரு கழிப்பறை இல்லாத ஊரில் முதியவர் வீட்டுக்குள்தான் இருப்பார்.

ஏற்காட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் உங்களைப் போன்ற பிள்ளைகள் சிலர் பெற்றோருக்குக் குளிர்ச்சியான ஓய்விடம் என்று மலைமேல் வீடு வாங்கித் தருகிறார்கள். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம், காப்பித் தோட்டம், மிளகுக்கொடி படர்ந்த மரங்கள், அமைதி எல்லாம் உண்மை. ஓய்வு பெற்ற தம்பதியர் அங்கே குடியேறும் முதல் ஆண்டு இனிமையாகவே போகிறது. விரும்பித் தனித்திருப்பது மனத்துக்கு நல்லது, அதை யாரும் மறுப்பதற்கில்லை. ஆனால் இருவரில் ஒருவர் மறைந்த பிறகு அதே அமைதியின் தன்மை வேறாகிவிடுகிறது. மாலையில் பனிமூட்டம் இறங்கினால் வாசலுக்கு வெளியே யாரும் தென்படமாட்டார்கள். பக்கத்து வீடுகள் வார இறுதியில் மட்டும் விளக்கெரியும் வீடுகள். சிறப்பு மருத்துவரைப் பார்க்க 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிச் சேலம் வர வேண்டும். குறிப்பாக ஆண்கள் அங்கே மிக வேகமாக ஒடுங்கிப்போகிறார்கள். பெண்கள் சமையல், பண்டிகை, பிள்ளைப்பேறு என்று ஏதாவது ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு உறவைத் தொடர்கிறார்கள், பணி ஓய்வோடு அலுவலக நட்பும் முடிந்துபோன ஆணுக்கு அந்த நூல் இல்லை. மலையிலேயே பிறந்து வளர்ந்த, மலையாளி என்றே அழைக்கப்படும் தமிழ் பேசும் பழங்குடியினரின் ஊர்களில் நிலை வேறு. அங்கே பணவசதி குறைவு, பிள்ளைகள் வேலைக்கு வெளியூர் போவதும் உண்டு, ஆனால் மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு வந்து சேர்பவர்களைப் பார்த்தால் யாருக்கு யார் என்ன உறவு என்பது கிழவர்முதல் குழந்தைவரை எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

தாயார் விஷயத்தில் முதலில் செய்ய வேண்டியது காது பரிசோதனை. சொல்வது சிறிதாகத் தோன்றும், ஆனால் என்னிடம் வந்த முதியோரில் பலருக்குத் தனிமையின் வாசல் காதாகத்தான் இருந்தது. கூட்டத்தில் பேச்சு புரியாதபோது சிரித்துத் தலையாட்டுவார்கள். இரண்டு முறை பொருந்தாத பதில் சொல்லி யாராவது சிரித்துவிட்டால் மூன்றாவது முறை போகமாட்டார்கள். தொலைபேசியில் "சரி சரி" என்று முடித்துவிடுவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். செவித்திறன் குறைவையும் சமூகத் தொடர்பின்மையையும், தவிர்க்கக்கூடிய மறதிநோய்க் காரணங்களின் பட்டியலில் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் தொடர்ந்து வைத்திருக்கிறது. அடுத்தது கண்ணும் முழங்காலும். அதற்கடுத்தது, மகனிடம் எந்தத் தாயும் சொல்லாத ஒன்று: சிறுநீரை அடக்க முடியாத தொல்லை. திருமணத்துக்கும் கோயிலுக்கும் போகாமல் நின்றுவிட்ட பெண்களில் பலர், அங்கே கழிப்பறை எங்கே இருக்குமோ என்ற அச்சத்தால் நின்றவர்கள். உங்கள் மனைவியோ தங்கையோ பக்குவமாகக் கேட்டால் சொல்வார், மருத்துவமும் உண்டு.

மனச்சோர்வு நோய் வேறு, தனிமை வேறு, ஆனால் ஒன்று மற்றொன்றாக வளரும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டிருந்தாலோ, வழக்கமாகச் செய்யும் கோலத்தையும் பூசையையும்கூட விட்டுவிட்டாலோ, "நான் இருந்து என்ன ஆகப்போகுது" என்ற பேச்சு வந்தாலோ காத்திருக்கக் கூடாது. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழில் இலவசமாகப் பேசலாம். முதியோருக்கான உதவி எண் 14567. தைராய்டு, ரத்தசோகை, பி12 குறைபாடு ஆகியவையும் இதே அறிகுறிகளைக் காட்டும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள்.

இவை சரியாக இருந்தால், எடுத்துவிட்ட வேலைகளில் சிலவற்றை அவரிடமே திருப்பிக் கொடுங்கள். சேலத்தின் குகை என்ற பகுதியில் நான் அறிந்த ஓர் அம்மையார், வயது எழுபதுக்கு மேல், காலையில் தக்காளி வாங்கப் போவார், பதினோரு மணிக்குக் கொத்தமல்லிக்கட்டு வாங்கப் போவார், மாலையில் ஒரு முழம் பூவுக்காக மறுபடி போவார். எல்லாம் ஒரே தெருக்கோடிக் கடைகள். மகள் கோபித்துக்கொண்டு ஒரு மாதத்துக்கான பொருளை மொத்தமாக வாங்கி அடுக்கினார். அம்மையார் என்னிடம் சொன்னது: "மொத்தமா வாங்கிட்டா அப்பறம் கடைக்கு எதுக்குங்க போறது?" பூக்காரம்மா தினமும் அவருக்கு மட்டும் முழத்தைச் சற்றுத் தாராளமாக அளந்தார், தன் மகனின் கடன் கதையையும் அவரிடம்தான் சொன்னார். ஒருநாள் அம்மையார் வராதபோது, கூடையை அடுத்த கடையில் வைத்துவிட்டு வீட்டுக்கே வந்து கதவைத் தட்டியவரும் அவரே. உங்கள் கேமராவும் தாயார் விழுந்தால் காட்டும். ஆனால் நீங்கள் அதைப் பார்க்கும் நேரத்தில் பெங்களூருவில் ஒரு கூட்டத்தில் இருப்பீர்கள்.

மேலோட்டமான இத்தகைய பழக்கங்களுக்கு மதிப்பு உண்டு என்பதை ஆய்வும் சொல்கிறது. கனடாவில் 2014இல் வெளியான ஓர் ஆய்வில், நெருங்கிய நண்பர்களோடு மட்டுமல்ல, முகம் தெரிந்த அளவில் உள்ளவர்களோடு அதிகம் பேசிய நாட்களிலும் மக்கள் கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்தது தெரிந்தது. எனவே செயலியை ஓரளவு நிறுத்துங்கள், முழுவதுமாக நிறுத்த வேண்டாம். அரிசி, எண்ணெய் போன்ற கனமானவை வீட்டுக்கு வரட்டும், காயும் கீரையும் பூவும் அவர் வாங்கட்டும். அம்மாப்பேட்டையிலேயே உழவர் சந்தை இருக்கிறது. 2021 மே மாதம்முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இது பணம் மிச்சம் என்பதோடு நிற்கவில்லை, யாரிடமும் காசு கேட்காமல் கோட்டை மாரியம்மன் கோயிலுக்கோ அக்கா வீட்டுக்கோ கிளம்பிவிடலாம் என்ற துணிவை முதிய பெண்களுக்குத் தந்திருக்கிறது. முதல் சில முறை துணைக்கு ஒருவர் வேண்டியிருக்கும். சொந்தத்தில் ஒரு கல்லூரிப் பிள்ளை இருந்தால் கேளுங்கள்.

வேலைகளைவிடப் பெரியது, அவரால் பிறருக்கு ஏதாவது ஆக வேண்டும் என்பது. தறி ஓடிய வீட்டில் நூல் சுற்றியவர், கூலிக் கணக்கு வைத்தவர், பட்டின் தரத்தை விரல் நுனியில் அறிந்தவர் அவராகத்தான் இருப்பார். இன்று அந்த அறிவை யாரும் அவரிடம் கேட்பதில்லை. உங்கள் தினசரிப் பேச்சையே எடுத்துக்கொள்ளுங்கள்: "சாப்பிட்டாச்சா?" "ஆச்சு." "மாத்திரை?" "போட்டாச்சு." "வேற ஒண்ணும் இல்லியே?" "இல்ல." இதில் நீங்கள் மேற்பார்வை செய்கிறீர்கள், அவர் அறிக்கை கொடுக்கிறார். மாங்காய்க் காலத்தில் உங்கள் குடியிருப்பில் உள்ள நான்கு தமிழ்க் குடும்பங்களுக்கு ஊறுகாய் வேண்டும் என்று கேளுங்கள். மனைவிக்குப் பட்டுப்புடவை எடுப்பதாக இருந்தால் அவரையே போய்ப் பார்த்து எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக் குழந்தைகள் இருவருக்கு மாலையில் வாய்ப்பாடு சொல்லித் தர முடியுமா என்று அந்த வீட்டாரைக் கொண்டே கேட்கச் செய்யுங்கள். நீங்கள் சொன்னால் மறுப்பார், அவர்கள் கேட்டால் செய்வார்.

பெங்களூருவுக்கு அழைத்துக்கொள்வதைப் பற்றி ஒரு கேள்வியை வைத்து முடிவு செய்யுங்கள்: ஒரு நாள் அவர் வெளியே வராவிட்டால் எத்தனை பேர் அதைக் கவனிப்பார்கள்? அம்மாப்பேட்டையில் இன்னும் நான்கைந்து பேராவது இருந்தால், அந்த இடத்தை விட்டு அவரைப் பெயர்ப்பது இழப்பு. பத்தாவது மாடியில் நீங்களும் மனைவியும் அலுவலகம் போன பிறகு, மின்தூக்கியின் பொத்தானுக்கும் காவலாளியின் மொழிக்கும் தயங்கிக்கொண்டு அவர் இருக்கப்போகும் பத்து மணி நேரத்தை எண்ணிப் பாருங்கள். வீடு நிறைய ஆள் இருந்தும் தனித்துப்போன முதியோரை இப்படித்தான் கண்டிருக்கிறேன். போகவே கூடாது என்பதில்லை. இருபது நாள் வந்து இருக்கட்டும், திரும்பும் தேதியை முதலிலேயே சொல்லி, பயணச்சீட்டையும் எடுத்துவிடுங்கள். சேலம் வீட்டை வாடகைக்கு விடும் பேச்சை மட்டும் இப்போது எடுக்க வேண்டாம்.

உங்களைப் பற்றிய அந்தக் கடைசி வரியை நான் கடந்துபோகவில்லை. மேலே சொன்ன உலக சுகாதார நிறுவன அறிக்கையில், தனிமையை அதிகம் சொன்னவர்கள் முதியோர் அல்லர், இளையோர். 13 முதல் 29 வயதுக்குட்பட்டவர்களில் 17 முதல் 21 விழுக்காட்டினர் தனிமையை உணர்வதாகத் தெரிவித்திருக்கிறார்கள். உங்கள் வயது சற்றுக் கூடுதலாக இருக்கலாம், காரணம் ஒன்றுதான். தாயாருக்குச் செய்த அதே ஏற்பாட்டை உங்களுக்கும் செய்துகொண்டிருக்கிறீர்கள்: உணவு வாசலுக்கு வருகிறது, துணி வாசலுக்கு வருகிறது, வேலை கணினிக்குள் வருகிறது. கீழே இறங்கிக் கடைக்குப் போங்கள், ஒரே கடைக்கே போங்கள். குடியிருப்பு நலச் சங்கத்தில் யாரும் எடுக்க விரும்பாத ஒரு பொறுப்பை, தண்ணீர் லாரிக் கணக்கோ பொங்கல் விழா ஏற்பாடோ, ஏற்றுக்கொள்ளுங்கள். உங்கள் அலுவலகச் சிக்கல்களையும் தாயாரிடம் சொல்லுங்கள். அவர் கவலைப்படுவார் என்று மறைக்கிறீர்கள், அவரும் அதே காரணத்துக்காக உங்களிடம் மறைக்கிறார்.

வேலையை விட்டுவிட்டு வருவது இப்போதைக்குத் தேவையில்லை. விழுந்துவிட்டார், மறதி கூடிவிட்டது, இரவில் அச்சப்படுகிறார் என்ற நிலை வந்தால் பேச்சு வேறு; அப்போது யோசிக்கலாம், உங்கள் தங்கையும் அந்த யோசனையில் பங்கெடுக்க வேண்டும். சேலத்துக்கும் பெங்களூருவுக்கும் இடையே ஏறக்குறைய 200 கிலோமீட்டர்தான். மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு வந்து தங்குங்கள், வந்தால் அவருடைய வேலைகளில் கூட நில்லுங்கள். உழவர் சந்தைக்கு அவர் பையை நீங்கள் தூக்கிக்கொண்டு போங்கள், அவர் யாரிடம் நின்று பேசுகிறார் என்பதைக் கவனியுங்கள். அவர்களில் நம்பிக்கையான இருவரின் எண்ணை வாங்கிக்கொண்டு, ஒருவரிடம் மாற்றுச் சாவியையும் கொடுத்துவையுங்கள். அடுத்த ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகை முடிகிறவரை இப்படி நடத்திப் பார்த்துவிட்டு, பிறகு தாயாரையும் உட்காரவைத்துக்கொண்டு மற்ற முடிவுகளை எடுங்கள்.